ஒன்பதாவது ஓட்டு

அத்தியாயம் 11

பூமாரி குளியலறைக் கதவைத் தாழ் போட்டாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, போனில் ஒவ்வொரு செய்தியாக அழிக்க ஆரம்பித்தாள்.

டெலிகிராமில் ஒரு வசதி உண்டு. நாம் எழுதியதை நாமே அழித்தால் எல்லோருடைய போனிலிருந்தும் அது மறைந்துவிடும். நூற்றுப் பன்னிரண்டு செய்திகளில் எழுபதை அழித்தாகிவிட்டது. அந்த ஒரு செய்திக்கு இன்னும் வரவில்லை.

கதவு இடிபட்டது.

"ஏட்டி, திற. அரை மணி நேரமா தண்ணி கொட்டுது. டேங்க் காலியாவப் போவுது."

"குளிக்கேம்ப்பா."

"எட்டு மணிக்கே குளிச்சிட்ட. தலையில துண்டக் கட்டிக்கிட்டுதான் தோசை தின்ன. கதவத் திற. உன் போன்ல இருந்து நெட் குடு. கடைசி எபிசோட் ஒண்ணு பாக்கி கெடக்கு. நாலு மணிக்கு நான் எழுதிக் குடுக்கணும்."

எழுபத்தொன்று. எழுபத்திரண்டு.

"பூமாரி!"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல். "அவள எதுக்கு வெரட்டுதீய? வருவா."

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

அடுத்த இடியில் தாழ்ப்பாளின் ஆணி ஒன்று கழன்று விழுந்தது. பூமாரி குழாயை மூடினாள். கதவைத் திறந்தாள். போனை மறைக்கவில்லை. இனி மறைத்து என்ன?

சௌந்தரபாண்டியன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். திரையின் மேலே குழுவின் பெயர். அதன் கீழே மகள் எந்தப் பெயரில் உள்ளே இருக்கிறாள் என்பது.

முகமூடி 9.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். தமிழாசிரியர். இருபத்தாறு வருஷம் விடைத்தாள் திருத்திய கண். தப்பாகப் படித்திருக்க வழியில்லை.

"நான்தாம்ப்பா" என்றாள் பூமாரி. "அந்த ஒன்பது நான்தான்."

*

இந்த ஒன்பதுக்காக ஒரு பள்ளிக்கூடமே மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. இடையில் ஒரு வாரம் தவறவிட்டவர்களுக்காக, நடந்தது இதுதான்.

பதினெட்டு நாளைக்கு முன்னால் சங்கரன்கோவில் முழுக்க ஒரு வீடியோ சுற்றியது. பள்ளி வேன் டிரைவர் நல்லகண்ணு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணை மூடித் தூங்குகிறார். முழுசாக ஆறு விநாடி. வேனுக்குள் இருபத்தெட்டுப் பிள்ளைகள். எடுத்தவள் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து அதே வேனில் வரும் ப்ளஸ் டூ மாணவி இசக்கிசெல்வி.

அன்று சாயங்காலமே நல்லகண்ணுவுக்கு வேலை போனது. வேறு எந்தப் பள்ளிக்கூடமும் அவரைச் சேர்க்கவில்லை. புளியங்குடியில் எலுமிச்சம்பழ லோடு வண்டி ஓட்டப் போனார். போன செவ்வாய்க்கிழமை அந்த வண்டி ரோட்டோரப் புளியமரத்தில் போய் மோதியது. எதிரே வண்டி ஏதும் வரவில்லை. மனிதர் மறுபடியும் தூங்கிவிட்டார்.

இப்போது திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரியில் செயற்கைச் சுவாசக் குழாயோடு கிடக்கிறார்.

வீடியோவை வெளியிட்டது செல்வி தனியாக அல்ல. பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு ரகசிய மன்றம் வைத்திருந்தார்கள். 'பனிநகரத்து நீதிமான்கள்' என்கிற ஜப்பான் அனிமே தொடரைப் பார்த்து அமைத்த மன்றம். அதில் வருவதுபோலவே ஒன்பது முகமூடிகள். யார் எந்த எண் என்பது குழுவை ஆரம்பித்த செல்விக்கு மட்டும் தெரியும். வீடியோவை வெளியிடலாமா, டிரைவரைத் தனியே கூப்பிட்டு எச்சரித்தால் போதுமா என்று ஓட்டுக்கு விட்டார்கள். நாலுக்கு நாலு. இரண்டு நாள் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் ஒன்பதாவது முகமூடி ஒரே சொல் எழுதியது.

வெளியிடு.

விபத்துக்குப் பிறகு இந்த ஓட்டு விஷயம் வெளியே வந்தது. அந்த ஒன்பது யார் என்று செல்வி காட்டிக்கொடுக்கவில்லை. பெற்றோர் கொதித்தார்கள். பள்ளிச் செயலர் தமிழாசிரியரைக் கூப்பிட்டு, "சார், நீங்க அந்த ஜப்பான் படத்த முழுசா பாத்து ஒரு மதிப்பீட்டு அறிக்கை எழுதிக் குடுங்க" என்றார். எத்தனையோ கட்டுரைப் போட்டிக்கு நடுவராக இருந்தவர் சௌந்தரபாண்டியன். சரி என்றார்.

அந்த அறிக்கையை வைத்துத்தான் இன்று செல்வியின் படிப்பு முடிவாகப் போகிறது.

*

"செல்வி ஏன் உம் பேரச் சொல்லல?"

"சொல்ல மாட்டா. சத்தியம் பண்ணிருக்கா."

"நீ ஏன் சொல்லல?"

பூமாரி ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மணி பதினொன்று. பன்னிரண்டுக்குச் செயலர் வரச் சொல்லியிருந்தார்.

கூடத்து மேசையில் அவருடைய கோடு போடாத நாற்பது பக்க நோட்டு திறந்து கிடந்தது. சிவப்பு மையில் மூன்று நாள் உழைப்பு.

இருபத்துநாலு எபிசோடில் இருபத்துமூன்றைப் பார்த்திருந்தார். 'முதல் பத்து தேவையில்லாத நீளம். பனி பெய்வதைக் காட்டியே பாதி நேரத்தைப் போக்குகிறார்கள். ஒரே சண்டையை நாலு கோணத்தில் காட்டினால் அது நாலு சண்டை ஆகாது. பெண்களுக்கு அழுவதைத் தவிர வேலை தரப்படவில்லை. தமிழாக்கத்தில் எல்லோரும் மேடையில் நின்று பேசுகிறார்கள்.'

அதற்குக் கீழே மை மாறாமல் கையெழுத்து மட்டும் மாறியிருந்தது. அவசரமாக எழுதிய கையெழுத்து.

'ஆனால் வழக்குகள் பொய் அல்ல. ஷிராகி என்ற நீதிபதி, உண்மை யாரைச் சுட்டாலும் சொல்லியாக வேண்டும் என்கிறான். நவோ என்பவன், ஒரு மனிதனைக் கொல்லுகிற உண்மை எனக்கு வேண்டாம் என்கிறான். இருவரில் ஒருவனைக்கூட முட்டாளாக்காமல் கதை நகர்கிறது. பதினேழாவது எபிசோட்: பாலத்துக் காவலாளிக்குப் பார்வை போய்விட்டது. மறைத்து வேலை பார்க்கிறான். ஷிராகி ஊருக்குச் சொல்கிறான். பாலம் தப்புகிறது. வேலை போன காவலாளி நகரத்து வாசலில் விறைத்துச் சாகிறான். அவன் பெயர் என்ன என்று ஒன்பது நீதிபதிகளில் ஒருவரும் கடைசிவரை கேட்கவில்லை. நாம் பார்க்கிறவர்களும்தான்.'

நூற்றுக்கு எத்தனை என்று போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

நேற்று வரைக்கும் அவருக்கு அது ஒரு கதை. வீட்டுக்கு வெளியே, பனியில், எங்கோ நடந்தது.

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் அவர் மனைவி முப்பிடாதி, தட்டை எடுத்துக்கொண்டு வந்து.

"உனக்குத் தெரியுமா இவதான் ஒன்பதுன்னு?"

முப்பிடாதி தட்டைக் கீழே வைத்தாள். "தெரியும்."

"தெரிஞ்சுமா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

*

செயலர் மகாராஜா ஏ.சி.யைக் கூட்டி வைத்துக்கொண்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். எத்தனை பக்கம் எழுதிருக்கீய?"

"முப்பத்தொன்னு. இன்னும் முடியல அண்ணாச்சி. கடைசி எபிசோட்..."

"நீங்க முந்நூறு பக்கம் எழுதினாலும் எனக்குத் தேவை ரெண்டே வரி. ஒண்ணு, அந்தப் பொம்மைப் படம் பிள்ளைகளக் கெடுத்துட்டு. ரெண்டு, இந்தச் செல்விப் பிள்ளைதான் அதுக்கெல்லாம் தலைமை. நாலு மணிக்குக் கமிட்டி. நாலரைக்கு டி.சி. ஜோலி முடிஞ்சுது."

"ஹால் டிக்கெட்?"

"டி.சி. வாங்கின பிள்ளைக்கு ஹால் டிக்கெட் என்னத்துக்கு? ஃப்ரேம் போட்டு மாட்டவா?"

பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள். பன்னிரண்டு வருஷப் படிப்பு.

சௌந்தரபாண்டியன் கேட்டேவிட்டார். "அண்ணாச்சி, அவரு ஏன் தூங்கினாருன்னு கமிட்டி கேக்காதா? காலைல ரெண்டு ட்ரிப், சாயங்காலம் ரெண்டு ட்ரிப். அதுக்குப் பெறவு உங்க மில்லு வண்டியும் அவருதான் ஓட்டினாரு. மனுசன் எப்பதான் கண்ண மூடுவாரு?"

செயலர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. சிரித்தார்.

"அத யாரும் கேக்கக் கூடாதுன்னுதானய்யா உங்கள எழுதச் சொல்லுதேன். நீங்க படிச்சவரு. ஊருக்கு ஒரு காரணம் வேணும். ஜப்பான்காரன் வந்து நம்மகிட்ட சண்டைக்கு நிக்கப் போறானா?" கொஞ்சம் நிறுத்தினார். "உங்க மவளும் ப்ளஸ் டூதானே? அவளும் இந்தப் படம் பாக்குதாளோ?"

"பாக்கா" என்றார் சௌந்தரபாண்டியன்.

"அந்த ஒன்பதாவது ஆருன்னு மட்டும் தெரிஞ்சா, அவளுக்கும் ஒரு டி.சி. எழுதிரலாம். ஒண்ணுக்கு ரெண்டாக் குடுத்தா பெத்தவங்க குளுந்துருவாக." வாசலில் நின்ற பியூனைப் பார்த்தார். "கூப்பிடு அந்தப் பிள்ளைய."

இசக்கிசெல்வி உள்ளே வந்தாள். ஒல்லியான பெண். யூனிஃபார்ம் துப்பட்டாவில் இரண்டு பக்கமும் ஊக்கு குத்தி, ஒரு மடிப்புக் கலையாமல் நின்றாள். அவள் பின்னால் அவள் அம்மா. களை எடுக்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். கால் விரல் இடுக்கில் சேறு காய்ந்திருந்தது.

"ஒன்பதாவது ஆருட்டி?"

"நாந்தான் சார்."

"அப்ப ஒண்ணாவது?"

"அதுவும் நாந்தான் சார்."

"நடுவுல உள்ளது?"

"எல்லாம் நாந்தான். ஒன்பது போன் வச்சிருந்தேன்."

"பாத்தீயளா வாய? சாப்பாட்டுக்கு வழியில்லாத வீட்ல ஒன்பது போனாம்." செயலர் சௌந்தரபாண்டியனைப் பார்த்தார். "இதத்தான் எழுதச் சொல்லுதேன்."

செல்வியின் அம்மா கையைக் கூப்பினாள். செயலரை அல்ல, வாத்தியாரைப் பார்த்துக் கூப்பினாள்.

"பரீட்ச மட்டும் எழுதிரட்டும் சார். பெறவு நீங்க என்ன செஞ்சாலும் சரி. எங்க தெருவுல இம்புட்டு தூரம் படிச்ச பொம்பளப் பிள்ள இவ ஒருத்திதான்."

சௌந்தரபாண்டியன் வாயைத் திறந்தார். சட்டைப் பையில் மகளின் போன் இருந்தது. நெஞ்சுக்கு நேராக. எடுத்து மேசையில் வைத்தால் இரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

வராந்தாவில் செல்வி பின்னாலேயே வந்தாள்.

"சார், எத்தன மார்க்கு போட்டிருக்கீய?"

"எதுக்கு?"

"தொடருக்கு சார். நீங்க யாருக்கும் சும்மா மார்க்கு போட மாட்டீயள்ளா? அதான் கேட்டேன்."

அவருக்கு அழுகை முட்டியது. இந்த நேரத்திலும் இவளுக்கு மார்க்குதான் தெரிய வேண்டியிருக்கிறது.

"இன்னும் போடல. கடைசி எபிசோட் பாக்கல."

"அதப் பாக்காம எழுதாதீய சார்." செல்வி குரலைத் தாழ்த்தினாள். "நாங்க ஓட்டுப் போடுதப்ப அது வரல. வாரத்துக்கு ஒண்ணுதான விடுவான். நாங்க பதினேழு பாத்த கையோட மன்றம் வச்சோம். பாலம் தப்பிச்சதத்தான் பாத்தோம். கடைசி போன வாரந்தான் வந்துது. அத முன்னாடியே பாத்திருந்தா..." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நல்லகண்ணு மாமா எப்படி இருக்காக சார்?"

"ரசீதா டீச்சர் ஆஸ்பத்திரிலதான் இருக்காங்க. போன் பண்ணல இன்னும்."

"பெரிய வகுப்பு வந்த பெறவும் என்னைய முன் சீட்லதான் ஒக்கார வைப்பாக. எனக்கு வாந்தி வரும்னு. அந்த சீட்ல இருந்துதான் எடுத்தேன் சார்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு ஆறுதல் சொல்லும் வேலையாவது இருந்திருக்கும்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. சாப்பிடவில்லை. மகள் போனிலிருந்து நெட்டை இணைத்து, மடிக்கணினியில் இருபத்துநாலாவது எபிசோடைப் போட்டார். பூமாரி சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பிடாதி முறத்தில் முருங்கைக் கீரையைப் போட்டு உருவிக்கொண்டிருந்தாள்.

பனி. மறுபடியும் பனி. அவர் ஓட்டிவிடப் போனார்.

"ஓட்டாதீய" என்றாள் முப்பிடாதி. "இந்தப் பனி வேற."

அவர் திரும்பிப் பார்த்தார். "நீ இதப் பாத்தியா?"

"முழுசா. கடைசி ஒண்ண மட்டும் மூணு தடவ. அவ பாக்கையில நானும் காய் நறுக்கிக்கிட்டே ஒக்காந்திருப்பேன். மொத பத்து எபிசோட வெட்டி எறிஞ்சிரலாம். பதினேழுலதான் கதையே தொடங்குது."

முப்பத்தொரு பக்கத்தில் அவர் எழுதியதை இவள் மூன்று வரியில் சொல்லிவிட்டாள். "சரி சரி, பேசாம பாரு" என்றார்.

திரையில் காவலாளியின் மனைவி மன்றத்தின் முன் வந்து நிற்கிறாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று. என் புருஷனுக்குத் தீர்ப்பு எழுதிய முகத்தை எனக்குக் காட்டுங்கள். ஒன்பது முகமூடிகளும் அசையாமல் இருக்கின்றன. எட்டு நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. பனி விழும் சத்தம் மட்டும். பிறகு ஷிராகி முகமூடியைக் கழற்றுகிறான். நான்தான் சொன்னேன் என்கிறான். பாலம் தப்பியது சரி, உன் புருஷன் செத்தது என்னால். இரண்டும் உண்மை என்கிறான். அதற்குப் பிறகு நவோவும் கழற்றுகிறான். எதிர்த்து ஓட்டுப் போட்டவன் அவன். நானும் அந்த அறையில்தான் இருந்தேன் என்கிறான். இரண்டு பேரும் நகரத்து வாசலைத் தாண்டிப் பனிக்குள் நடக்கிறார்கள். மற்ற ஏழு முகமூடிகளும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. முடிந்துவிட்டது.

சௌந்தரபாண்டியன் நோட்டை இழுத்தார். இந்தத் தொடர் பிள்ளைகளைக் கெடுத்தது என்று இனி எப்படி எழுதுவது? முகத்தை மறைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லாதே என்றுதானே கடைசியில் வந்து நிற்கிறது? தொடர் மேல் பழி இல்லை என்று எழுதினால் செயலரின் கேள்வி ஒன்றுதான் மிச்சம். அப்படியானால் ஒன்பதாவது ஆரு?

எழுதினால் மகள். எழுதாவிட்டால் செல்வி.

"எழுதுங்கப்பா" என்றாள் பூமாரி. "எம் பேர எழுதுங்க. செல்வி பரீட்ச எழுதட்டும்."

"வாய மூடு."

"நான்தான ஓட்டுப் போட்டேன்?"

"ஏன் போட்டே? ரெண்டு நாள் சும்மாதான இருந்த? மூணாம் நாள் என்ன வந்துது?"

பூமாரி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முடிவெடுக்க முடியல. ஷிராகி சொல்லுததும் சரியாத் தெரிஞ்சுது. நவோ சொல்லுததும் சரியாத் தெரிஞ்சுது. அம்மாகிட்ட அழுதேன். அம்மா, சாமிகிட்ட கேப்போம்னு சொல்லி கோமதியம்மன் சன்னதிக்குக் கூட்டிட்டுப் போனா. பூக்கட்டிப் பாத்தோம்."

சௌந்தரபாண்டியன் பேனாவைப் போட்டார்.

சங்கரன்கோவில்காரருக்குப் பூக்கட்டிப் பார்ப்பதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணமா, வீடா, ஆபரேஷனா, எதற்கும் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி காலடியில் போட்டுவிட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததுதான் உத்தரவு. எடுக்காததைப் பிரிக்கவே கூடாது. அப்படியே தெப்பக்குளத்தில் போட்டுவிட வேண்டும்.

"வெள்ளை வந்தா வெளியிடணும். செவப்பு வந்தா தனியாக் கூப்பிட்டுச் சொல்லணும்." பூமாரியின் குரல் உடைந்தது. "ஒரு சின்னப் பிள்ள வந்து எடுத்துது. வெள்ளை நந்தியாவட்டை."

"உருப்படும்டி! ஒரு மனுசன் பொழப்ப, பூவப் போட்டா முடிவு பண்ணினீய? நான் ஒருத்தன் இந்த வீட்ல இருக்கேன்லா? எங்கிட்ட கேட்டா என்ன?"

"கேட்டேம்ப்பா. நீங்க பேப்பர் திருத்திக்கிட்டிருந்தீய. பெறவு வான்னீய."

அவருக்கு நினைவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

போன் அடித்தது. ரசீதா டீச்சர். சௌந்தரபாண்டியன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார்..." அந்தப் பக்கம் யாரோ தலையில் அடித்துக்கொண்டு அழும் சத்தம். "நல்லகண்ணு அண்ணன் போயிட்டாங்க சார். இப்பத்தான். பத்து நிமிஷம் ஆச்சு. சின்னவ அப்பா எழுந்திரிங்கப்பான்னு உலுக்கிக்கிட்டே இருக்கா. நான் என்ன சொல்ல? நீங்க யாராவது வாங்க சார்."

போன் அணைந்தது.

தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

உடனே இன்னொரு அழைப்பு. செயலர்.

"சார், தெரிஞ்சிருக்கும். போலீஸ் வரும் இனி. உங்க அறிக்கைதான் முதல் பேப்பர். எழுதியாச்சா? ரெண்டு வரி. அந்தப் பிள்ள பேரோட. மூணே முக்காலுக்கு ஆள் அனுப்புதேன்."

மணி மூன்று இருபது.

சௌந்தரபாண்டியன் பேனாவை எடுத்தார். புதுப் பக்கம் புரட்டினார். முப்பத்தொரு பக்கமும் இனி யாருக்கும் வேண்டாம். மார்க்கு போடும் இடம் காலியாகவே இருக்கட்டும். 'மேற்படி குழுவுக்குத் தலைமை தாங்கி, ஒன்பதாவது ஓட்டையும் அளித்தவர்' என்று எழுதினார். நிறுத்தினார்.

பிறகு 'இசக்கி' என்று எழுதினார்.

"அப்பா!" பூமாரி பாய்ந்து நோட்டைப் பிடித்தாள். "எழுதாதீயப்பா. பாவம்ப்பா அவ. நான் செத்துப்போன மாதிரி இருக்கு. எழுதாதீய."

"போலீசுன்னு சொல்லுதான். உன்னைய எப்படிட்டி எழுதுவேன்? நான் பெத்தவன்."

"அவளையும் ஒருத்தர் பெத்திருக்காகள்ளா?"

அவர் அவளைத் தள்ளிவிட்டார். வேகம் கூடிவிட்டது. சுவரில் தலை மோதி அவள் சரிந்து உட்கார்ந்தாள். பதினேழு வருஷத்தில் அவர் கை நீட்டியது இதுதான் முதல் தடவை. 'செல்வி' என்று முடிக்கக் கை வரவில்லை. பேனா முனை தாளில் குத்தி நின்றது. சிவப்பு மை அந்த இடத்தில் ஊறிப் பரவியது.

பூமாரி அழுகைக்கு நடுவே அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"சாமி சொல்லித்தானம்மா செஞ்சேன்? சாமி எப்படிம்மா ஒரு ஆளச் சாகடிக்கச் சொல்லும்? எனக்கு மட்டும் ஏம்மா அப்படிச் சொல்லிச்சு?"

முப்பிடாதி முறத்தைத் தள்ளி வைத்தாள். கையிலிருந்த கீரையை உதறினாள். எழுந்து வந்து, புருஷன் முன்னால், நோட்டுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"சாமி ஒண்ணும் சொல்லல மக்கா."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் சௌந்தரபாண்டியன்.

"இல்ல. இன்னைக்கு இருக்க மாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "அந்த வீடியோவ இவ எங்கிட்ட காட்டினா. இருவத்தெட்டுப் பிள்ளைக. ரயில்வே கேட்டுகிட்ட தூங்கினா என்ன ஆவும்? எனக்கு அன்னைக்கே முடிவு தெரிஞ்சுபோச்சு. வெளியிடுட்டின்னு வாய் விட்டுச் சொல்லிருக்கலாம். சொன்னா இவ கேட்டிருப்பாளா? உனக்கென்னம்மா தெரியும்பா. நீங்க சும்மா இருன்னிருப்பீய. இருவது வருசமா இந்த வீட்ல எம் பேச்சு ஒரு நாளு எடுபட்டிருக்கா? சாமி பேச்சு எடுபடும். அதான் சாமியச் சொல்ல வச்சேன்."

"என்னட்டி சொல்லுத?"

முப்பிடாதி மகளைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த பேனாவை மெதுவாக விரல் பிரித்து வாங்கினாள்.

"என் பேர எழுதுங்க. அந்தக் கொழந்த எத எடுத்திருந்தாலும் ஒண்ணுதான். ரெண்டு பொட்டலத்துலயும் நான் நந்தியாவட்டையத்தான் வச்சுக் கட்டினேன்."